வடபுலம் சென்றோரின் சிறு சுகங்கள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சுப்ஹுக்கு முன்னரே ஏலம் தொடங்கிவிடும். விசைப்படகுகளின் இரைச்சலுக்கும், ஐஸ் உடைக்கும் ஓசைக்கும், கூடைக்காரப் பெண்மணிகளின் கூப்பாட்டுக்கும் நடுவே எங்கள் மோதினார் பாங்கு சொல்லுவார். இவற்றையெல்லாம் தொல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற குளிர்காலத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அவ்வெண்ணத்தை மாற்றியது.

அழைத்தவர் சிறு வயதில் என்னிடம் ஓதியவர். இப்பகுதியின் ஐஸ் தொழிற்சாலையொன்றில் பாடுபட்டவரின் மைந்தர். குளிர்பதனப் பொறிகளைப் பழுது பார்க்கும் தொழிலைக் கற்று, நார்வே நாட்டின் வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பணிக்கு அமர்ந்திருக்கிறார். தொழுகை நேரங்களைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று எண்ணினேன். அதையும் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னார். "இங்கே எல்லாம் இருக்கிறது ஹஜ்ரத். சம்பளம் இருக்கிறது, வீட்டுக்குள்ளே வெதுவெதுப்பு இருக்கிறது. ஆனால் ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை. காலையில் டீக்கடை பெஞ்சு இல்லை. யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவதில்லை."

எனக்குச் சினம் வந்தது. "ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாதிலிருந்து இப்னு ஃபள்லான் உன்னைப் போலத்தான் வடக்கே போனார். அவர் கறிவேப்பிலை கேட்டாரா, தம்பி?" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க ஹஜ்ரத்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவு இப்னு ஃபள்லானின் பயண நூலை எடுத்துப் புரட்டினேன். கறிவேப்பிலையை அவர் கேட்கவில்லைதான். ஆனால் எண்ணெயைப் பற்றிக் குறைபட்டிருந்தார்! மாணவரிடம் நான் சொன்னது தவறு. அவருக்கு நான் செலுத்தவேண்டிய மறுமொழியை இங்கே நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அஹ்மத் இப்னு ஃபள்லான் அப்பாசியக் கலீஃபா அல் முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவர். வால்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் இனத்தவரின் அரசர், தம் மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஆட்களையும், பள்ளிவாசல் கட்டவும் கோட்டை எழுப்பவும் பொருளையும் வேண்டிக் கலீஃபாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதத்தில், அதாவது கி.பி. 921 ஜூனில், குழு பக்தாதை விட்டுப் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் 12ஆம் நாள்தான் பல்கார் நாட்டை அடைந்தது. இடையில் ஒரு குளிர்காலத்தைக் குவாரிஸ்ம் நாட்டின் ஜுர்ஜானிய்யாவில் கழிக்க நேர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் அரபி உரைநடைக்கே ஓர் அணிகலன். ஜைஹூன் ஆறு பதினேழு சாண் கனத்துக்கு உறைந்து கிடந்தது. குதிரைகளும் கழுதைகளும் வண்டிகளும் அதன்மேல் சாலையில் செல்வதுபோலச் சென்றன. குளியலறையிலிருந்து வீடு திரும்பினால் தாடி ஒரே பனிக்கட்டியாகியிருக்கும். அதை நெருப்பருகே காட்டி உருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு வீடு, அதற்குள் துருக்கியரின் கம்பளிக் கூடாரம் ஒன்று, அதற்குள்ளே போர்வைகளும் தோலாடைகளும் சுற்றிக்கொண்டு படுத்தார். அப்படியும் சில சமயம் கன்னம் தலையணையோடு ஒட்டிக்கொண்டதாம். அவ்வூரில் ஒருவர் தம் நண்பரை உபசரிக்க விரும்பினால், வீட்டுக்கு வாருங்கள், நல்ல நெருப்பு இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம் என்றுதான் அழைப்பாராம். நாம் "வாங்க, டீ சாப்பிடலாம்" என்கிறோமே, அதுபோல.

குளிருக்கும், செல்லவிருக்கும் நாட்டுக்கும் அஞ்சி, பக்தாதிலிருந்து கூடவே வந்தவர்களில் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் யார்? மார்க்கச் சட்டம் சொல்ல வந்த ஃபகீஹ் ஒருவர், பாடம் சொல்ல வந்த முஅல்லிம் ஒருவர், ஏவலர்கள் சிலர். முஅல்லிமாக ஊதியம் வாங்கும் எனக்கு அந்த வரியைப் படிக்கும்போது சற்று நாணமாகவே இருக்கிறது. கறிவேப்பிலைக்கு ஏங்குபவர் போன இடத்தில் நிலைத்து நின்று வேலை பார்க்கிறார். அவரைக் கடிந்துகொண்ட என்னைப் போன்றவர்தான் ஜுர்ஜானிய்யாவோடு திரும்பியவர்.

இனி எண்ணெய்க்கு வருவோம். பல்கார் நாட்டாரிடம் ஒலிவ எண்ணெயும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. எல்லாவற்றுக்கும் மீனெண்ணெயையே பயன்படுத்துகிறார்கள், அதனால் அவர்களுடைய பண்டங்களெல்லாம் வீச்சமடிக்கின்றன என்று இப்னு ஃபள்லான் குறித்திருக்கிறார். அவர் கலீஃபாவின் தூதர்; அரசியல் பெருங்காரியம் ஒன்று அவர் கையில் இருந்தது. ஆயினும் சட்டியில் காய்ந்த எண்ணெயின் மணம் அவர் நூலில் ஏறிவிட்டது. மஷ்ஹத் நகர நூலகத்தில் 1923ஆம் ஆண்டு அறிஞர் ஸகீ வலீதீ தூகான் கண்டெடுத்த கையெழுத்துப் படியில் அந்த மணம் பத்து நூற்றாண்டு கடந்தும் எஞ்சியிருந்தது. கலீஃபாவின் அரசியல் திட்டம் எஞ்சவில்லை.

அந்நூலில் என் உள்ளத்தை மிகவும் தொடுவது வேறோர் இடம். பல்கார் அரசரிடம் தையல்காரராகப் பணி புரிந்த பக்தாதியர் ஒருவர் அங்கே இருந்தார். எப்படியோ அவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருந்தார். ஒரு மாலை அவரும் இப்னு ஃபள்லானும் இஷா பாங்கை எதிர்பார்த்துக் கூடாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தனர். பேச்சு நெடுநேரம்கூட ஓடவில்லை. பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் விடிந்திருக்கிறது! மோதினாரைக் கேட்க, தாம் சொன்னது சுப்ஹு பாங்கு என்றும், இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுதுவிடுவதாகவும் அவர் கூறினார். சுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகத் தாம் உறங்கவேயில்லை என்றும் சொன்னார். மஃரிப் நேரத்தில் அடுப்பில் வைத்த சட்டி வேகுமுன் சுப்ஹு வந்துவிடும் நாடு அது.

இரண்டு பக்தாதியர் அந்த மாலையில் எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்? நூலில் அது இல்லை. ஊரை விட்டு வந்த இரண்டு பேர் சந்தித்தால் எதைப் பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

நான்கு நூற்றாண்டுக்குப் பின்னர் அந்தப் பகுதிகளில் சுற்றிய இப்னு பதூதாவும் குளிரிடம் தப்பவில்லை. மூன்று தோலங்கிகளும் இரண்டு காற்சட்டைகளும் அணிந்து, பிறர் தூக்கிவிட்டால்தான் குதிரையேற முடிந்தது என்கிறார். நெருப்பருகே வெந்நீரில் ஒளூ செய்தாலும் தாடியில் வழிந்த நீர் உறைந்து, உதறினால் பனியாய் உதிர்ந்ததாம். இதே இப்னு பதூதா பின்னர் நம் மஃபர் நாட்டுக்கு வந்து மதுரையில் காய்ச்சலில் விழுந்தார். அவரைக் காப்பாற்றியது நம் சமையலறைப் புளி! ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைக் கரைத்துக் குடித்துத் தேறியதாக அவரே எழுதியிருக்கிறார். அரபியில் புளிக்குத் 'தமர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். தம் ஊர்ப் பழத்தின் பெயரைச் சூட்டித்தான் அரபியரால் அதை ஏற்க முடிந்தது.

இரவு இல்லாத ஊரில் இஷா உண்டா என்ற வினா பல்காரிலிருந்து குவாரிஸ்ம் அறிஞர்களிடம் சென்றதை ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தொழவேண்டும் என்றார் ஹல்வானீ. நேரமே வராதபோது கடமையும் இல்லை என்றார் பக்காலீ. ஐவேளையில் ஒன்றைக் குறைப்பவரின் நிலை என்ன என்று அவையில் வைத்துக் கேட்க ஹல்வானீ ஆளனுப்பினார். முழங்கை வரை இரு கைகளும் இழந்தவருக்கு ஒளூவின் கடமைகள் எத்தனை என்று பக்காலீ திருப்பிக் கேட்டார். மூன்று என்று வந்தவர் சொல்ல, இதுவும் அப்படியே என்று முடித்தார். பிற்காலத்தில் இப்னுல் ஹுமாம் போன்றோர் மறுத்து, கணக்கிட்டுத் தொழவேண்டும் என்றனர். தஜ்ஜாலின் நாட்களில் ஒரு நாள் ஓராண்டு போல நீளும் என்ற நபிமொழியில், அந்நாளுக்குரிய தொழுகைகளைக் கணக்கிட்டுக்கொள்ளுமாறு வந்துள்ள கட்டளையே அவர்களுடைய சான்று. நம் கடற்கரை ஷாஃபிஈகளின் வழியில், அந்திச் செம்மை மறையும் அண்மை நாட்டின் கணக்கைக் கைக்கொள்வர். நார்வேயின் ட்ரோம்சோ நகர முஸ்லிம்கள் சூரியன் மறையாத கோடை நோன்பில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றுவதும் இந்தக் கணக்கிடுதலின் ஒரு வகையே. பக்காலீயின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் கையிழந்தவரை அவர் உவமையாக எடுத்தாரே, அதில் ஓர் உண்மை இருக்கிறது. இரவை இழந்தவனும் ஓர் உறுப்பை இழந்தவனே.

என் மாணவர் பணிபுரியும் ஃபின்மார்க் மாவட்டத்துக்கு வருவோம். அங்கே சென்ற முதல் தமிழர் அவரல்லர். யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956ஆம் ஆண்டிலேயே நார்வே சென்றார். மீன்பிடித் தொழிலின் புது முறைகளை அறிந்து, 1967இல் காரைநகரில் 'சீநோர்' என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் காட்டிய வழியில் இளைஞர்கள் சிலர் அங்கே படிக்கச் சென்றனர். 1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்கொடுமைக்குப் பின்னர், படிக்கச் சென்றோரின் தடத்தில் அகதிகள் சென்றனர். வட கடலோர ஊர்களில் மீன் ஆலைகளுக்கு ஆள் கிடைக்காத காலம் அது. வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊர்களில் தமிழர் குடியேறி, மீனை அறுத்துப் பொதிந்து வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கத்தோலிக்கருமே. நம்மவர் மிகச் சிலர்.

மீனவ நாட்டிலிருந்து மீனவ நாட்டுக்குத்தானே போனார்கள், என்ன குறை என்று காசிமேட்டில் யாரும் கேட்கலாம். காசிமேடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வேறுபாடு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. வார்டோ 70 பாகையில் இருக்கிறது. நவம்பர் பிற்பகுதியில் சூரியன் மறைந்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் தலை காட்டாது. மே நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை மறையவே மறையாது. வெப்ப நீரோட்டம் ஒன்று வந்து சேர்வதால் கடல் மட்டும் உறைவதில்லை. குளிர்காலத்திலும் படகுகள் போய்வரும்.

மீனும் வேறு, மீனைக் காயவைக்கும் முறையும் வேறு. நாம் உப்பிட்டு வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குகிறோம். அவர்கள் 'காட்' மீனின் தலையை நீக்கி, வாலோடு வால் பிணைத்து, உப்பே இல்லாமல் மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை குளிர்காற்றே அதைக் கட்டைபோல உலர்த்திவிடுகிறது. அந்தக் கருவாட்டைப் பற்றி என் மாணவர் வருணித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புளியும் மிளகாயும் தேங்காயும் இல்லாவிட்டால் வஞ்சிரமும் வெறும் சதைதான். ஃபின்மார்க்குக்குப் போன தமிழர்கள் நாள் முழுவதும் மீனைக் கையில் வைத்துக்கொண்டு, மாலையில் மீன்குழம்புக்கு ஏங்கினார்கள்.

நார்வே மானுடவியல் ஆய்வாளர் ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் அத்தகைய ஊர் ஒன்றில் தமிழரோடு பழகி ஆராய்ந்து 2010இல் நூல் வெளியிட்டார். தமிழர் பலர் உடல்வலி, அசதி, உறக்கமின்மை என்று மருத்துவ நிலையத்துக்கு மீண்டும் மீண்டும் வந்தனர். மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தும் நோய் எதையும் காணவில்லை. ஆராய்ந்தால், அவர்கள் இழந்தது உறவினர் சூழ்ந்த அன்றாட வாழ்வையே என்று அவருக்குப் புலப்பட்டது. அழைப்பில்லாமல் வீடு புகுந்து, அடுக்களை வரை சென்று, இருப்பதை உண்டு, பேசிவிட்டுப் போகும் பழக்கம் அந்த வாழ்வின் அடித்தளம். அங்கே கதவுகள் குளிருக்காக மூடியிருந்தன. மூடிய கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாளடைவில் அக்குடும்பங்களில் பல ஆஸ்லோ நகர்ப் பக்கம் பெயர்ந்துவிட்டன. அங்கே தமிழ்க் கடைகளும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், கோயில்களும் உண்டு; பள்ளிவாசல்களும் உண்டு.

வெயிலுக்கு ஏங்குவது மனத்தின் மயக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. நார்வேயில் வாழும் இலங்கையரையும், இலங்கைக் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட மருத்துவ ஆய்வு ஒன்று 2008இல் வெளியாயிற்று. நார்வேயில் இருப்போரின் குருதியில் 'வைட்டமின் டி' மிகவும் குறைந்திருந்தது. அச்சத்தைத் தோல் வெயிலைக் கொண்டே ஆக்குகிறது; கருந்தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். வட நாட்டார் அக்குறையை எதனால் நிரப்பிவந்தார்கள் என்று எண்ணுகிறீர்கள்? காட் மீனின் ஈரலெண்ணெயால்! நம் தாய்மார் மூக்கைப் பிடித்து நமக்கு ஊட்டிய அதே மீனெண்ணெய். இப்னு ஃபள்லான் முகம் சுளித்த எண்ணெய்க்கும் இதற்கும் உறவு தொலைவானதல்ல.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சிறு சுகத்துக்கு ஏங்குவோர் எல்லாரையும் உலகம் எள்ளி நகையாடியதில்லை. வடக்கிலிருந்து தெற்கே வந்த வெள்ளையருக்குச் சென்னையின் வெயிலில் குளிர்ந்த நீர் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை, மரத்தூளில் புதைத்து, கடல்கள் கடந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் கடற்கரையில் ஒரு வீடே கட்டிற்று. ஐஸ் ஹவுஸ் என்று நாம் இன்றும் அழைப்பது அதைத்தான். பனிக்கட்டிக்கு ஏங்கிய துரையை யாரும் நன்றி கெட்டவன் என்று சொல்லவில்லை. கறிவேப்பிலைக்கு ஏங்கும் ஐஸ் தொழிலாளியின் மகனைத்தான் சொன்னோம். நானும் சொன்னேன்.

ஏக்கத்தைப் பண்டமாக்கிய மக்களும் நம் வடசென்னையில் இருக்கிறார்கள். பர்மாவில் 1962இல் படை ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின், 1964 முதல் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குத் திரும்பினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் எழுந்தது. தாயகம் திரும்பியவர்கள் என்று அரசு ஏடுகள் அவர்களைக் குறித்தன. ஆனால் அவர்களில் பலருக்கு ரங்கூனே பிறந்த ஊர். நாவின் தாயகம் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே அத்தோவும் மொய்ங்காவும் இங்கே தள்ளுவண்டியேறின. சேவையில் முட்டைக்கோசும், வறுத்த வெங்காயமும், புளியும் மிளகாயும் பிசைந்து தரும் அத்தோவைப் பாரிமுனைப் பக்கம் மாலை வேளையில் நின்றபடி உண்ணும் இளைஞர்களுக்கு, அது யாருடைய ஏக்கம் என்பது தெரியாது. அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மூன்று நாள் கழித்து நானே மாணவரை அழைத்தேன். இப்னு ஃபள்லானின் எண்ணெயைச் சொன்னேன், தையல்காரரைச் சொன்னேன், உறங்காத மோதினாரைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நான் கேட்டது தப்பில்லைங்களே, ஹஜ்ரத்?" என்றார். "தப்பு என்னுடையது, தம்பி" என்றேன். அவருடைய தாயார் நிழலில் உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலையும், கொட்டை நீக்கிய புளியும் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். சுப்ஹு நேரத்தில் தொலைபேசியைச் சன்னல் பக்கம் வைக்க முடியுமா என்றார். மறுநாள் அவ்வாறே வைத்தேன். துறைமுகத்தில் யாரோ வஞ்சிரத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்தார். ஐஸ் உடையும் ஓசை கேட்டது. மோதினார் பாங்கைத் தொடங்கினார். அங்கே அப்போது நள்ளிரவு கடந்து முக்கால் மணி. பாங்கு முடியும்வரை மறுமுனையில் பேச்சில்லை. ஏலம் விடுபவர் மறுபடி கூவத் தொடங்கியதும், "இன்னும் கொஞ்ச நேரம் வையுங்க ஹஜ்ரத்" என்றார்.